சோப்பு எங்கே போட வேண்டும்?

குளியல் என்றாலே தலை முதல் கால் வரை நுரை பொங்கணும் என்று நினைக்கிறோம். தினமும் அது தேவையில்லை.

வியர்வைக்குச் சொந்தமாக நாற்றம் கிடையாது. அக்குள், தொடையிடுக்கில் வரும் வியர்வையில் கொழுப்பும் புரதமும் இருக்கும். அதை அங்கே வாழும் பாக்டீரியா சிதைக்கும்போதுதான் வாடை வருது. பாத நாற்றமும் பாக்டீரியா வேலைதான். ஆக, சோப்பு முக்கியமாக இந்த இடங்களுக்கு. அழுக்குப் படாத கை, கால், முதுகுக்குப் பெரும்பாலும் வெறும் தண்ணியே போதும்.

ஏன் குறைக்கணும்? தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், பிஎச் சுமார் 5. சோப்புக்கட்டி காரம், பிஎச் 9 முதல் 10. தோல் செல்களுக்கு நடுவே, செங்கலுக்கு இடையில் சிமெண்ட் மாதிரி, கொழுப்பு இருக்கு. சோப்பு அழுக்கோடு அதையும் கரைத்து எடுக்கும். வெந்நீர் இதை இன்னும் வேகப்படுத்தும்.

போர் தண்ணியில் இன்னொரு சிக்கல். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படலமாகிவிடும். நுரை வரலையேன்னு மேலும் தேய்ப்போம். வாளி ஓரத்தில் ஒட்டும் அதே படலம் தோலிலும் ஒட்டும்.

இளவயதில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. வயதானவர்களுக்குத் தோலில் எண்ணெய் குறைவு. முழங்காலுக்குக் கீழே வறண்டு, அரித்து, சொறிந்து புண்ணாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் சின்ன விஷயமில்லை.

அவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணியில் ஐந்து, பத்து நிமிடக் குளியல் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் காயுமுன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கால்விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே நன்றாக உலரணும்.