கல்லாவும் உண்டியலும்: தொண்டு செய்யும் துரித உணவகங்கள்

வருவாயில் ஒரு பகுதி நோயுற்ற குழந்தைகளுக்கோ பசித்தோருக்கோ செல்லும் என்று அறிவிக்கும் துரித உணவகங்கள் உலகின் பல நாடுகளில் உள்ளன. அத்தகைய இடத்தில் உண்பதும், அங்குள்ள உண்டியலில் சில்லறை இடுவதும் நமக்கு மனநிறைவு தருகின்றன. சேமிப்பையும் வங்கிக் கடனையும் முதலாக்கி அவ்வகை உணவகம் ஒன்றைத் தொடங்க விரும்புவோரும் நம்மிடையே உண்டு. வணிகத்தின் கல்லாவும் தொண்டின் உண்டியலும் எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இவ்விரு சாராரும் அறிந்திருத்தல் நலம்.

உரிமக் கிளையின் இயல்பு

பிரான்சைஸ் எனப்படும் உரிமக் கிளையில் பெயர், செய்முறை, தரக் கட்டுப்பாடு ஆகியவை தாய் நிறுவனத்துக்கு உரியவை. முதலீடும் அன்றாட நிர்வாகமும் உரிமம் பெற்றவரின் பொறுப்பு. அவர் தொடக்கக் கட்டணம் செலுத்துவதோடு, விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை உரிமத் தொகையாகவும், பெரும்பாலும் விளம்பர நிதிக்கெனத் தனியே ஒரு பங்கையும் தருகிறார். இத்தொகைகள் இலாபத்தின் மீதன்றி விற்பனையின் மீது கணக்கிடப்படுவது வழக்கம். ஆகவே நட்டம் நேர்ந்த மாதத்திலும் அவற்றைச் செலுத்தியே ஆக வேண்டும். இச்சுமைகளுக்கு இடையில் தொண்டுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு அமெரிக்க அனுபவங்கள் இதற்கு விடை கூறுகின்றன.

பிலடெல்பியாவில் பிறந்த இல்லம்

பிலடெல்பியா ஈகிள்ஸ் கால்பந்து அணியின் வீரர் பிரெட் ஹில்லின் சிறு மகள் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தாள். வெளியூர்களிலிருந்து வந்த பெற்றோர் மருத்துவமனை நாற்காலிகளிலேயே இரவுகளைக் கழிப்பதை அக்குடும்பம் கண்டது. அதே நகரின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி இவான்ஸ், இத்தகைய குடும்பங்கள் தங்குவதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்று எண்ணியிருந்தார். அணியின் நிர்வாகம் அப்பகுதி மெக்டொனால்ட்ஸ் உணவகங்களின் துணையை நாடியது. ‘ஷாம்ராக் ஷேக்’ என்னும் பச்சை நிறப் பானத்தின் விற்பனை வழியே நிதி திரட்டப்பட்டு, 1974 அக்டோபர் 15 அன்று முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறக்கப்பட்டது.

மெக்டொனால்ட்ஸை நாடெங்கும் பரப்பிய ரே கிராக் 1984இல் மறைந்தார். அவர் நினைவாக அதே ஆண்டில் இப்பணிக்கெனத் தனித் தொண்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அது செயல்படுகிறது. உணவக நிறுவனம் வேறு, தொண்டு நிறுவனம் வேறு என்பதே இங்கு நாம் கருத வேண்டிய செய்தி. இல்லங்களை நடத்தும் வட்டார அமைப்புகளுக்குத் தனி நிர்வாகக் குழுவும் தனிக் கணக்கும் உண்டு. நிறுவனமும் கிளை உரிமையாளர்களும் நன்கொடை தருகின்றனர். ஆயினும் உண்டியலில் சேரும் சில்லறை, பொதுமக்கள் மற்றும் பிற நிறுவனங்களின் கொடை ஆகியவையும் சேர்ந்தே அவ்வில்லங்களைத் தாங்குகின்றன. ஓர் உணவகம் நலிந்தாலும் இல்லத்தின் கதவு மூடப்படாதிருப்பதற்கு இப்பிரிவினை துணைசெய்கிறது.

விலை கட்டாயமில்லாத உணவகம்

பனேரா பிரெட் என்னும் உணவக நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. 2010இல் மிசௌரி மாநிலத்தின் கிளேட்டன் நகரில் ‘பனேரா கேர்ஸ்’ உணவகத்தை அதன் தொண்டு அமைப்பு தொடங்கியது. உணவுக்குப் பரிந்துரை விலை மட்டுமே உண்டு. இயன்றவர் மிகுதியாகவும் இயலாதவர் குறைவாகவும் தரலாம். மிகுதியாகத் தருவோரின் பணம் மற்றவரின் குறையை ஈடுசெய்யும் என்பது எதிர்பார்ப்பு. டியர்பார்ன், போர்ட்லண்ட், சிகாகோ, பாஸ்டன் ஆகிய நகரங்களிலும் இம்முறை பரவியது. ஆயினும் வரவு செலவை எட்டவில்லை. உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பாஸ்டனில் எஞ்சியிருந்ததும் 2019இல் மூடப்பட்டது.

நோக்கம் உயர்ந்ததே. ஆனால் வாடகையும் ஊதியமும் மாதந்தோறும் குறையாதிருக்க, வரவு மட்டும் வருவோரின் மனத்தைச் சார்ந்திருந்தது. தொண்டும் வணிகமும் ஒரே கல்லாவைப் பகிர்ந்துகொண்டதால், ஒன்று தளர்ந்தபோது மற்றொன்றும் நின்றது.

தொழில் தொடங்குவோர் போட வேண்டிய கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். ஓர் உரிமக் கிளையின் மாத விற்பனை ரூ.5,00,000. உரிமத் தொகை 6 விழுக்காடு, அதாவது ரூ.30,000, விளம்பர நிதி 4 விழுக்காடு, அதாவது ரூ.20,000, தொண்டுப் பங்கு 2 விழுக்காடு, அதாவது ரூ.10,000. மூலப்பொருள், ஊதியம், வாடகை, மின்சாரம் ஆகியவற்றுக்கு ரூ.4,00,000. மீதி ரூ.40,000. கடன் தவணை ரூ.30,000 எனில், உரிமையாளரின் கையில் எஞ்சுவது ரூ.10,000.

விற்பனை 10 விழுக்காடு குறைந்து ரூ.4,50,000 ஆகிறது என்று கொள்வோம். வாடகையும் ஊதியமும் குறையாதலால் செலவு ரூ.3,80,000 வரையே இறங்குகிறது. உரிமத் தொகை ரூ.27,000, விளம்பரம் ரூ.18,000, தொண்டு ரூ.9,000 போக எஞ்சுவது ரூ.16,000. தவணைக்கு ரூ.14,000 பற்றாக்குறை. தொண்டுப் பங்கு, தவணை போக எஞ்சும் இலாபத்தில் மட்டும் கணக்கிடப்படும் என ஒப்பந்தம் கூறியிருந்தால், பற்றாக்குறை ரூ.5,000 அளவில் நின்றிருக்கும்.

எனவே, தொண்டுப் பங்கு விற்பனையின் மீதா இலாபத்தின் மீதா என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னரே தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். கடன் விண்ணப்பத்துடன் அளிக்கும் திட்ட அறிக்கையில் அதனைத் தனிச் செலவாகக் காட்டுவதும் நன்று. நல்ல நோக்கம் வாடிக்கையாளரை ஈர்க்கலாம்; ஆனால் தவணை நாளைத் தள்ளிவைக்காது.

கொடுப்போர் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டில் ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி விற்றுமுதல், ரூ.5 கோடி நிகர இலாபம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டையேனும் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கூறுகிறது. அது நிறுவனத்தின் சொந்தப் பணம். நாம் உண்டியலில் இடுவது நமது கொடை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

கியூஆர் குறியீட்டின் வழியே நன்கொடை அளிக்கும்போது, திரையில் தோன்றும் பெயர் தொண்டு நிறுவனத்தினுடையதா என்று பார்த்த பின்னரே தொகையை அனுப்ப வேண்டும். தனிநபர் பெயர் தோன்றினால் நிறுத்திக் கேட்பதே முறை. 80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிக்கழிவை நாடுவோர், அந்நிறுவனத்துக்கு அதற்குரிய பதிவு உண்டா என்று உறுதிசெய்து இரசீது பெற வேண்டும். ரூ.2,000க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்கு இக்கழிவு கிடையாது. உணவின் விலையாகச் செலுத்தும் தொகை, அதில் ஒரு பகுதி தொண்டுக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டிருப்பினும், நமது நன்கொடையாகக் கருதப்படுவதில்லை.

ஈகையைக் கணக்குப் பார்த்துச் செய்வது கஞ்சத்தனமன்று. நாம் தரும் பணம் உரியவரைச் சென்றடைவதை உறுதிசெய்வதும் கொடுப்பவரின் கடமையே. கல்லாவின் கணக்கும் உண்டியலின் கணக்கும் தனித்தனியே தெளிவாக இருக்கும் இடத்தில் வணிகமும் நிலைக்கும், தொண்டும் தொடரும்.