எந்த ஹெலிகாப்டர் வேண்டும்?

மழை கொட்டினால் திருநின்றவூர் மக்கள் ஏரியைப் பார்க்கிறார்கள். ஏரி நிரம்பினால் வானத்தைப் பார்க்கிறார்கள். அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளம் ரயில் பாதையில் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஹெலிகாப்டருக்குக் கால்மணி நேரப் பயணம். பிறகென்ன கவலை என்பர் சிலர். வருகிறதா என்பது மட்டுமா கேள்வி? வருவது எது என்பதல்லவா கேள்வி!

எம்.ஐ. 17 ஒரு ராட்சதன். ருஷ்ய நாட்டுச் சரக்கு. பாரத்தோடு 13 டன். சுழல் விசிறியின் விட்டம் 21 மீட்டர். முப்பதுக்கு மேற்பட்டோரைச் சுமக்கும். உணவு மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்ட இதற்கு ஈடில்லை. ஆனால் அது கிளப்பும் காற்று இருக்கிறதே, அப்பப்பா! தகரக் கூரை பறக்கும். தென்னை மட்டை முறியும். மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சந்தில், ஓட்டு வீடுகளுக்கு நடுவே, அது எப்படித் தாழ இறங்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் ராமாபுரத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியைத் தூக்கிச் சென்றது ‘சீட்டா’. ஐந்தே பேர் அமரும் சிறு ஹெலிகாப்டர்.

அப்படியானால் சிறியதையே வாங்கிக் குவித்துவிடலாமா? கூடாது. சீட்டாவும் சேட்டக்கும் பிரெஞ்சுக்காரர் வகுத்த பழைய வடிவங்கள். சேட்டக்கின் மூல வடிவம் பறந்தது 1959-ல்! இரண்டுக்கும் ஒற்றை எஞ்சின். ஊருக்கு மேலே அது நின்றுபோனால் வயலிலாவது இறக்கப் பார்க்கலாம், நடுக்கடலில் நின்றால்?

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் திரண்டு அமர்ந்து கேட்டது என்ன? எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதைத்தானே! அதற்கு இரட்டை எஞ்சின் வேண்டும், நெடுந்தொலைவு சென்று திரும்ப எரிபொருள் வேண்டும், அலையிலிருந்து ஆளைத் தூக்கும் வடம் வேண்டும், இருளில் காணும் கருவி வேண்டும்.

நம் நாட்டிலேயே செய்த ‘துருவ்’ இரட்டை எஞ்சின் கொண்டது. கடலோரக் காவல்படை 2022-ல் சென்னையில் அதற்கென ஓர் அணியே அமைத்தது. நல்ல காரியம். ஆனால் 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் ஒரு துருவ் விழுந்து மூவர் மாண்டதும், நாடெங்கும் அந்த வகை முழுவதும் மாதக்கணக்கில் தரையில் நின்றது. ஒரே குதிரையை நம்பினால் இதுதான் கதி.

ஆகவே ஆளவந்தாரை நாம் கேட்பது: மாடிக்கு ஒரு வகை, கடலுக்கு ஒரு வகை, மூட்டைக்கு ஒரு வகை. திருநின்றவூரில் எந்தத் திடலில் எது இறங்கும், எந்தத் தெருவில் கம்பி குறுக்கிடும் என்ற பட்டியல் ஐப்பசி பிறக்குமுன் திருவள்ளூர் ஆட்சியர் மேசையில் இருக்கட்டும்.