ஒரு எண்ணை மாத்தினா அலமாரியே மாறுது!

கம்ப்யூட்டர் போடும் மரக்கணக்கு. ஆசாரிக்கு வேலை போகுமா?

கோவில்பட்டி,

விளாத்திகுளம், புதூர் வட்டாரம் கரிசல் பூமி. மழை பெய்தால் மண் உப்பும். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் சுவர் விரியும், மூலைமட்டம் தவறும். அந்த மூலையில் ரெடிமேட் அலமாரி உட்காருமா?

இதற்குக் கைகொடுக்கிறது கம்ப்யூட்டர் வரைபடம். பலகைக்குப் பலகை உள்ள கணக்கை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

864 எப்படி வந்தது?

அலமாரி அகலம் 900 மி.மீ. இரண்டு பக்கப் பலகையும் 18 மி.மீ. கனம். நடுத்தட்டு 864. சுவர் இடிக்கிறதா? அகலத்தை 870 என்று மாற்றுங்கள். தட்டு தானாக 834 ஆகிவிடும். மற்ற பலகைகளும் அப்படியே! பிறகு சி.என்.சி. எந்திரம் அந்த அளவுக்கு வெட்டித் தரும்.

'ஃப்ரீகேட்' என்ற மென்பொருள் 2002-ல் வந்தது. காசு கிடையாது.

"அப்போ ஆசாரி எதுக்கு?" என்கிறீர்களா?

சுவரை அளப்பது யார்? மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் டேப் பிடித்து, குறைந்த அளவை எழுத அனுபவம் வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் எந்திரம் மறுபேச்சு பேசாது. தப்பாகவே வெட்டித் தள்ளும்.

8-க்கு 4 அடி பிளைவுட் கோவிந்தா!