‘யாக்கியுச்சி’ என்னும் ஜப்பானியச் சொல்

ஒரு நாட்டின் வரலாற்றை அந்நாட்டில் வழங்கும் சொற்களும் எடுத்துரைக்கும். அதற்குச் சான்றாக ‘யாக்கியுச்சி’ என்னும் ஜப்பானியச் சொல்லைக் காண்போம்.

இஃது ஒரு கூட்டுச்சொல். ‘யாக்கி’ என்பது எரித்தல், சுடுதல் எனப் பொருள்படும். தீயில் வாட்டிய கோழியிறைச்சியை ஜப்பானியர் ‘யாக்கித்தோரி’ என்பர். அதில் வரும் ‘யாக்கி’யும் இதுவே. ‘உச்சி’ என்றால் தாக்குதல். மலையுச்சி, தலையுச்சி என நாம் வழங்கும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே, பகைவரின் இருப்பிடத்தைத் தீயிட்டுத் தாக்குவதே யாக்கியுச்சி ஆகும். பகைவர் நாட்டை எரியூட்டும் போர்ச்செயலைத் தொல்காப்பியம் ‘எரிபரந்தெடுத்தல்’ என வஞ்சித் திணையில் வைத்துக் கூறுவதை இங்கு ஒப்புநோக்கலாம்.

தீயால் நேரும் எல்லாவற்றுக்கும் இச்சொல் பொருந்தாது. அடுப்புத் தீ பரவி வீடு எரிந்தால் அது ‘காஜி’. ஒருவன் வேண்டுமென்றே தீ வைத்தால் அக்குற்றம் ‘ஹோக்கா’. படையோ மக்கள் கூட்டமோ திரண்டு சென்று தீயால் தாக்குவதையே யாக்கியுச்சி என்பர்.

1571ஆம் ஆண்டில், கியோத்தோ நகரையடுத்த ஹியேய் மலையிலிருந்த எண்ரியாக்குஜி என்னும் பௌத்த மடத்தை ஒடா நொபுனாகா என்ற படைத்தலைவர் எரித்தழித்தார். மடத்துத் துறவிகள் தம் பகைவர்க்குத் துணைநின்றதே அவர் சினத்திற்குக் காரணம். பலர் கொல்லப்பட்டனர். 1905ஆம் ஆண்டில் இரஷ்யாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்காத மக்கள், தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடி, பின்னர் நகரின் காவற்சாவடிகளைக் கொளுத்தினர். அந்நிகழ்ச்சியின் பெயரிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது.

எண்ரியாக்குஜி மடத்தை நிறுவியவர் சாய்ச்சோ என்னும் துறவி. அவர் 788ஆம் ஆண்டில் ஏற்றியதாகக் கூறப்படும் அணையாவிளக்கு 1571இல் அணைந்தது. ஆயினும், அதன் சுடரை முன்னரே வடக்கிலுள்ள ரிஷ்ஷாக்குஜி என்னும் கோயிலுக்குக் கொண்டுசென்று ஏற்றியிருந்தனர். அங்கிருந்து சுடரை மீண்டும் பெற்று ஹியேய் மலை விளக்கை ஏற்றினர். அஃது இன்றும் எரிகின்றது.

மாணவர்களே! பிறருடன் பகிர்ந்துகொண்டதால் அச்சுடர் அழியாது நின்றது. கல்வியும் அத்தகையதே. நீங்கள் கற்றதை உங்கள் தம்பி தங்கையர்க்கும் கற்பியுங்கள். பெற்றோர்களும் இல்லந்தோறும் அவ்விளக்கைப் பேணுவார்களாக!

— தலைமையாசிரியர்