ஈர விறகின் கடன்

பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைப் புதுப்பிக்கையில் கொழுந்தை உலர்த்தும் அனலுக்கு விறகு உசிதமா, எண்ணெய் உசிதமா என்று எல்கடுவையிலிருந்து வாசக அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலை 2001இல் அரும்பொருட்சாலையாகப் புத்துயிர் பெற்றதைக் கண்டு மகிழ்ந்தவன் நான். ஒரு தொழிற்சாலை தன் பூர்விகத் தொழிலிலேயே நீடிப்பது அதனினும் மகிழ்ச்சி.

எரிபொருள் எதுவாயினும் யந்திர தத்துவம் ஒன்றே. புகை இரும்புக் குழாய்களுக்குள் சென்று வெளியேற, அவற்றின் புறத்தைத் தழுவிச் சூடேறிய தூய காற்றை விசிறி இழுத்துத் தேயிலையின்மேல் செலுத்துகிறது. பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன், தாம் செய்த உலர்த்தும் யந்திரத்துக்குச் சகாராவின் வெப்பக்காற்றான 'சிரொக்கோ'வின் நாமத்தைச் சூட்டியது மிகப் பொருத்தமே.

எண்ணெய், கிலோவுக்குச் சுமார் 10,000 கிலோகலோரி வெப்பம் தரும். சாம்பலில்லை, குமிழைத் திருப்பினால் அனல் கூடும், தணியும். காய்ந்த விறகு தருவது சுமார் 3,500. ஆகவே மூன்று கிலோ விறகு ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய ஈடு. ஆனால் பச்சை விறகின் எடையில் பாதி நீர். அது தரும் வெப்பமோ 2,000ஐக்கூட எட்டாது. கொதிக்கும் நீர் ஒரு கிலோ ஆவியாவதற்கு மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்தின் நீரைப் போக்கி ஒரு கிலோ தேயிலை செய்யவேண்டிய நெருப்பு, முதலில் விறகின் நீர்க்கடனைத் தீர்த்துவிட்டே தன் வேலைக்கு வருகிறது. மழைக்காலத்துக்கென அடுப்பின்மேல் பரணில் விறகடுக்கி, அடுப்பின் அனலாலேயே அதைக் காயவைத்த என் பாட்டியார் கணிதம் கல்லாமலே இதை அறிந்திருந்தார்.

புதுப்பிப்போர் முகப்புக்குச் சாயம் பூசப் பணத்தை வாரியிறைத்துவிட்டு, விறகை மழையில் நனையவிடுவதைக் காண நெஞ்சம் வருந்துகிறது. பின்னர் புகையையும் செலவையும் விறகின்மேல் சுமத்தி எண்ணெயை நாடுகிறார்கள்; அந்த எண்ணெய்க்காக 2022இல் நாடே வரிசையில் நின்றதை நாம் மறக்கலாகாது. அதற்காக நக்கிள்ஸ் மலைக்காட்டில் கோடரி வைப்பதும் பாவமே. வெட்ட வெட்டத் துளிர்ப்பதும், மண்ணுக்கு உரமாவதுமான சீமைக்கிளுவையை 2005இல் அரசு நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்திருக்கிறது. வெற்று நிலங்களில் அதை நடலாம்.

ஆதலின் அன்பரே, விறகையே தேர்ந்தெடுங்கள்; ஆனால் உலையைச் செப்பனிடுமுன், காற்றோட்டமும் நல்ல கூரையும் உள்ள விறகுக் கொட்டகையைக் கட்டி முடியுங்கள்.