மான் வேட்டைக்கு எந்த ரிவால்வர்? – தோட்டாவின் அளவும் வல்லநாட்டு வெளிமானும்

ரிவால்வரால் மான் வேட்டையாடுவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி நடக்கும் ஒன்று. அதற்கு எந்தத் துப்பாக்கி, எந்த அளவுத் தோட்டா ஏற்றது என்று அங்கே நூல்களும் காணொளிகளும் ஏராளம். அவை நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன. நான் பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இயக்க ஆற்றல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், மானைச் சுட எந்த ரிவால்வர் சார் வாங்கணும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் ஊர் வல்லநாட்டுப் பக்கம். அங்கே மான் என்பது திரைப்படத்தில் வருவதல்ல. தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது. அதனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மணி அடித்துவிட்டதால் பாதி விடைதான் சொல்ல முடிந்தது. முழு விடை இது.

ரிவால்வரும் பிஸ்டலும்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கையில் பிடித்துச் சுடக்கூடிய எல்லாமே கைத்துப்பாக்கிதான். அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வொரு தோட்டாவாகக் குழலுக்கு நேரே கொண்டுவந்தால் அது ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி. கைப்பிடிக்குள் செருகும் பெட்டியிலிருந்து வில்விசையால் தோட்டா மேலேறி வந்தால் அது பிஸ்டல். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது ரிவால்வரால் என்று பல மாணவர்கள் தேர்வில் எழுதுவார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

'போர்' என்பது என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே காலிபர். நம் ஊரில் இதைப் 'போர்' என்கிறார்கள். ".32 போர் ரிவால்வர்" என்றால் ஏறத்தாழ 0.32 அங்குல விட்டம், அதாவது சுமார் 8 மில்லிமீட்டர். ஆனால் "12 போர் துப்பாக்கி" என்பதில் உள்ள 12 அங்குலக் கணக்கு அல்ல. குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை வரும் என்பதே அந்த எண். பன்னிரண்டு வந்தால் 12 போர். இருபது வந்தால் 20 போர். எனவே எண் கூடினால் குழல் சிறுக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு இருப்பதால் பெரியவர்களே குழம்புவதுண்டு.

பெயரில் உள்ள எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. .44 மேக்னம் குண்டின் உண்மையான விட்டம் 0.429 அங்குலம்தான். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இரண்டின் குண்டும் ஏறக்குறைய ஒரே விட்டம். .38 ஸ்பெஷலின் பித்தளைக் கூட்டைச் சற்று நீட்டி, அழுத்தத்தைக் கூட்டி 1935-இல் கொண்டுவந்ததே .357 மேக்னம். ஆகவே .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். மாற்றிச் செய்ய முடியாது. கூடு நீளமாக இருப்பதால் அறைக்குள் முழுமையாக நுழையாது.

குண்டின் ஆற்றல்: ஒரு வகுப்பறைக் கணக்கு

விட்டத்தை விட முக்கியமானது, குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதற்கு இருக்கும் இயக்க ஆற்றல். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நிறை கிலோகிராமில், வேகம் நொடிக்கு மீட்டரில் இருந்தால் விடை ஜூலில் வரும்.

.32 ரிவால்வரின் குண்டு சுமார் 6.35 கிராம்; வேகம் நொடிக்குச் சுமார் 215 மீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 150 ஜூல். .357 மேக்னத்தில் 10.2 கிராம் குண்டு 375 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 720 ஜூல். 1955-இல் வந்த .44 மேக்னத்தில் 15.5 கிராம் குண்டு, 410 மீட்டர் வேகம், சுமார் 1300 ஜூல். இவற்றோடு வேட்டை ரைபிள் ஒன்றை ஒப்பிடுங்கள். .30-06 என்ற ரைபிள் தோட்டாவின் குண்டு .44 மேக்னத்தின் குண்டை விட இலேசானது, 9.7 கிராம்தான். ஆனால் வேகம் 890 மீட்டர். ஆற்றல் 3800 ஜூலைத் தாண்டுகிறது. வேகம் வர்க்கமாகப் பெருகுவதன் விளைவு இது. (தோட்டா செய்பவரையும் குழலின் நீளத்தையும் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் கூடும், குறையும்.)

அமெரிக்காவில் ரிவால்வரோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் .357 மேக்னத்தைக் கீழ் எல்லையாகவும் .44 மேக்னத்தை நடுநிலையாகவும் கொள்வது இதனால்தான். ஓஹையோ மாநிலத்தில் இது விதியாகவே இருக்கிறது: கைத்துப்பாக்கியின் குழல் 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அளவு .357-க்குக் குறையக் கூடாது. ஆற்றல் குறைந்த குண்டு மானை உடனே வீழ்த்தாது. காயம்பட்ட மான் ஓடிப் புதருக்குள் மறைந்து, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் துடித்துச் சாகும். அந்த விதியின் நோக்கம் வேட்டைக்காரரின் வசதி அல்ல. விலங்கின் வேதனையைக் குறைப்பது.

ஆற்றலைக் கூட்டினால் கைக்கு வரும் பின்னுதையும் கூடும். நியூட்டனின் மூன்றாம் விதி யாரையும் விடாது. பின்னுதைக்கு அஞ்சிக் கை நடுங்கினால் குறி தப்பும். குழல் குட்டையாக இருப்பதால் குறிபார்க்கும் முனைகளுக்கு இடையே தூரமும் குறைவு. சிறு அசைவு பெரிய பிழையாகிவிடும். அதனால் நல்ல பயிற்சி உள்ளவர்களே ரிவால்வரால் 50 மீட்டருக்கு மேல் மானைச் சுட முயல்வதில்லை. அடர்ந்த காட்டில் மரத்தின் மேல் பரண் கட்டி, மான் அருகில் வரும்வரை காத்திருப்பார்கள்.

நம் நாட்டு வேட்டை வரலாற்றில் கைத்துப்பாக்கி மான் வேட்டைக்கான கருவியாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் யானை மேல் அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள், அம்பாரி பிஸ்டல் என்று பெயர்பெற்ற பெரிய குழல் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவும் வேட்டைக்கு அல்ல. காயம்பட்ட புலி யானை மேல் தாவி ஏறினால் கடைசி நொடியில் சுடுவதற்கு.

இந்தியாவில் கிடைக்கும் ரிவால்வர்

துப்பாக்கிகளை நம் சட்டம் தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர் என்று பிரிக்கிறது. படையும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல், .38 ரிவால்வர், .303 ரைபிள் போன்றவை முதல் வகை. பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர். 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென்று வந்த, அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் ரிவால்வரும் இதே .32-தான். மேலே போட்ட கணக்கில் இதன் ஆற்றல் 150 ஜூல் என்று பார்த்தோம். ஓஹையோ விதிப்படி மானை நோக்கி நீட்டவே தகுதி இல்லாத துப்பாக்கி இது. பத்துப் பதினைந்து மீட்டருக்குள் தற்காப்புக்கு மட்டும் செய்யப்பட்டது.

உரிமம் பெறுவதும் எளிதல்ல. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கான மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கும், 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கிக்கும் ஓரளவு இளக்கம் காட்டுகிறது. ரிவால்வர் அந்த இளக்கத்தில் வராது. அது ஏன் தேவை என்று தகுந்த காரணம் காட்ட வேண்டும், காவல்துறை விசாரிக்கும், மாவட்டத்தில் ஆட்சியர் முடிவு செய்வார். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வரிசையில் நிற்பதை நம் மாவட்டத்தில் பலரும் பார்த்திருப்பார்கள்.

வல்லநாட்டு வெளிமான்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலையில், தாமிரபரணியைத் தாண்டியதும் தனியாக ஒரு குன்று தெரியும். அதுதான் வல்லநாடு. முட்புதரும் உடைமரமும் செம்மண்ணுமாக இருக்கும் அந்தக் குன்றும் அடிவாரமும் 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இதுவே தென்கோடி. இதற்குத் தெற்கே கிடையாது.

வெளிமான் உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது, உதிராது. திருகாணி போல் முறுக்கியபடி வளரும். அதனால் திருகுமான் என்றும் பெயர். ஆடு, மாடு இருக்கும் குடும்பத்தில் இதை விலங்கியல் சேர்க்கிறது. கடாவின் முதுகு கருத்து, வயிறு வெளுத்திருக்கும், பெட்டை பழுப்பு. வளர்ந்த கடா 35 முதல் 40 கிலோ இருக்கும். திறந்த வெளியில் வாழ்வதால் கண் மிகக் கூர்மை. ஆள் தலை தெரிந்ததுமே துள்ளி ஓடத் தொடங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும். 50 மீட்டருக்குள் நெருங்க வேண்டிய ரிவால்வரோடு இதன் பின்னால் போவது வீண் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். குறி தப்பிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அங்கே ஆடு மேய்ப்பவர் இருப்பார். சாலையில் பேருந்து போகும்.

நம் பகுதியில் மான்களுக்கு உண்மையான ஆபத்து வருவது ரிவால்வரால் அல்ல. சுருக்குக் கண்ணி, வேட்டை நாய், வலை, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இவற்றால்தான். பொங்கல் விடுமுறையில் "முயல் வேட்டைக்குப் போறோம்" என்று நாய்களோடு கிளம்பும் இளைஞர்களை வனத்துறை கண்காணிப்பதற்குக் காரணம் இதுவே. முயலையும் பிடிக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வேட்டைக்கு முன்பு உரிமம் கொடுத்த காலம் உண்டு. நீலகிரியில் 1879-லேயே வேட்டை, மீன்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதங்களில் சுடக் கூடாது என்று விதித்தார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த முறை புதிதல்ல. முத்துக் குளிப்புக்கு முன் அரசு அதிகாரிகள் பார்களில் சிப்பிகளை எடுத்து எண்ணிப் பார்த்து, போதிய அளவு விளைந்திருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். 1961-க்குப் பின் அப்படி நாள் குறிக்கும் நிலையே வரவில்லை. நாடு முழுவதும் வேட்டைக்கும் அந்த நிலைதான் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சில விலங்குகளுக்கு மட்டும் உரிமத்தோடு வேட்டைக்கு இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தப் பிரிவுகளையும் எடுத்துவிட்டது.

இப்போது வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அத்துடன் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சரணாலயத்துக்குள் எந்த விலங்கை வேட்டையாடினாலும் இதே தண்டனைதான். வேட்டை என்பதில் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் அடங்கும். பயன்படுத்திய துப்பாக்கி, பைக், கார் அனைத்தும் அரசின் உடைமையாகிவிடும். 1998-இல் ஜோத்பூர் அருகே வெளிமான்கள் சுடப்பட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018-இல் கீழமை நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்ததும், அவர் மேல்முறையீடு செய்ததும் செய்தியாக வந்தவை.

அந்த மாணவனுக்கு நான் அன்று சொல்லத் தவறிய ஒரு பிரிவும் உண்டு. சரணாலயத்திலோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர், தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கவும் அவருடைய முன் இசைவு வேண்டும். வல்லநாடு, முறப்பநாடு, தெய்வச்செயல்புரம் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வரும் ஊர்கள். மானைச் சுடுவதற்கு மட்டுமல்ல, தற்காப்புக்கு ரிவால்வர் கேட்டாலும் அந்த ஊர் விண்ணப்பம் வனத்துறையின் மேசைக்குப் போகாமல் நகராது. மான் பயிரை மேய்ந்துவிட்டால், வனத்துறையில் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதே வழி.

இன்னொன்று. சில பழைய வீடுகளின் கூடத்தில் தாத்தா காலத்துத் திருகுக் கொம்பு மாட்டியிருக்கும். அதற்கு உரிமைச் சான்றிதழ் இல்லையென்றால் வைத்திருப்பதே குற்றம், விற்கவும் கூடாது. காட்டோரத்தில் கிடந்த கொம்பை எடுத்துவந்தாலும் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வெளிமானைப் பார்க்க விரும்பும் மாணவர்கள் வனத்துறையின் அனுமதியோடு காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்குக்குப் பிறகோ போகலாம். வெயில் ஏறிவிட்டால் அவை உடைமர நிழலில் படுத்துவிடும், கண்ணில் படாது.