ராத்திரி 7 டு 10: டிவி 'பிரைம் டைம்' உங்க சம்பளத்தை எப்படித் தொடுது?

கெங்கவல்லியில இருந்து ஆத்தூருக்கோ சேலத்துக்கோ தினமும் பஸ்ல வேலைக்குப் போறவங்க வீடு திரும்புறது எத்தனை மணிக்கு? பெரும்பாலும் 7, 8 ஆகிடும். காட்டு வேலை, கடை வேலை முடிச்சு அம்மா அப்பா உட்கார்றதும் அப்போதான். கையில சாப்பாட்டுத் தட்டு, எதிர்ல டிவி. இந்த நேரத்துக்குப் பேர்தான் பிரைம் டைம். நமக்கு இது ஓய்வு. சேனலுக்கு இதுதான் விலை அதிகமான சரக்கு.

ஊருக்கு ஊர் நேரம் ஏன் மாறுது?

மக்கள் எப்போ சாப்பிட உட்கார்றாங்களோ, அதுதான் பிரைம் டைம். ஜப்பான்ல ராத்திரி 7 முதல் 10 வரை. அங்கே அதை 'கோல்டன் டைம்'னு சொல்றாங்க. ஜெர்மனியில 8 மணி நியூஸ் முடிஞ்சு, 8.15-க்கு முக்கிய நிகழ்ச்சி தொடங்கும். அமெரிக்காவுல கிழக்குப் பகுதிக்கு 8 முதல் 11. அதே ஒளிபரப்பு மத்தியப் பகுதிக்கும் போறதால அங்கே கடிகாரத்துல 7 முதல் 10. ஸ்பெயின்ல ராத்திரிச் சாப்பாடே லேட், அதனால பெரிய நிகழ்ச்சிகள் 10 மணிக்கு மேலதான்.

நம்ம ஊர்ல தூர்தர்ஷன் காலத்துல வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு சாயங்காலம் சினிமான்னு வாரத்துல சில நாள்தான் தெருவே காலியாகும். 1993 ஏப்ரல் 14-ல சன் டிவி வந்துச்சு. 1999-ல 'சித்தி' தொடங்குச்சு. அப்புறம் 'மெட்டி ஒலி', 'கோலங்கள்'னு தினசரி சீரியல்கள் ராத்திரி நேரத்தைப் பிடிச்சிருச்சு. வாரம் ஒரு நாள் இருந்த கூட்டம் தினமும் கூட ஆரம்பிச்சது.

விற்கப்படுறது எது?

விளம்பர நேரத்தை சேனல்கள் 10 விநாடிக்கு இவ்வளவுன்னு விற்கும். அந்த ரேட்டை முடிவு பண்றதுல டிஆர்பிக்குப் பெரிய பங்கு இருக்கு. 2015-ல இருந்து பார்வையாளர் கணக்கை வாராவாரம் எடுக்கிறது 'பார்க் இந்தியா'. தேர்ந்தெடுத்த வீடுகள்ல மீட்டர் வச்சு எண்ணுவாங்க. ஒரு சீரியலை 7.30-ல இருந்து மதியத்துக்கு மாத்தினா, கதை அப்படியேதான் இருக்கும், விளம்பர வருமானம் இறங்கிடும். ஐபிஎல் ராத்திரி மேட்ச் 7.30-க்குத் தொடங்குறதும் இந்தக் கணக்குலதான். 2023 முதல் 2027 வரைக்குமான அதோட ஒளிபரப்பு உரிமை போன விலை 48,390 கோடி ரூபாய்!

இந்தக் காசெல்லாம் எங்கிருந்து வருது? விளம்பரம் கொடுக்கிற சோப்பு, மசாலா, நகைக்கடை கம்பெனிகள்கிட்ட இருந்து. அவங்களுக்கு அது எங்கிருந்து வருது? நாம வாங்குற பொருளோட விலையில இருந்து.

இப்போ நம்ம கணக்கு

விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம்: 10 நிமிஷம் கம்பெனிகளுக்கு, 2 நிமிஷம் சேனலோட சொந்த நிகழ்ச்சிக்கு. அந்த 12 நிமிஷமும் ஓடுதுன்னு வச்சுக்கோங்க. தினமும் 3 மணி நேரம் பார்த்தா 36 நிமிஷம். வருஷத்துக்கு 219 மணி நேரம். 8 மணி நேர ஷிஃப்ட் கணக்குல 27 நாள். கிட்டத்தட்ட ஒரு மாச வேலை நேரத்தை விளம்பரம் பார்க்கவே கொடுக்கிறோம்!

அதுவும் எந்த நேரத்துல? நாள் முழுக்க உழைச்சுக் களைச்சு, 'இதைக் கூட வாங்கக் கூடாதா'ன்னு தோணுற நேரத்துல. ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி போனஸ் சமயம் பாருங்க, விளம்பரம் அப்போ குவியும். முன்னாடி கடைக்குப் போக விடியுற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள பாதி ஆசை அடங்கிடும். இப்போ போன் கையிலயே இருக்கு. சீரியல் இடைவேளையிலயே ஆர்டர் போட்டுடலாம்.

என்ன பண்ணலாம்?

1. ஒரு ராத்திரி விதி: ராத்திரி 7-க்கு மேல பிடிச்ச பொருளை கார்ட்ல மட்டும் போடுங்க. காசு கட்டுறது மறுநாள் காலையில. அப்பவும் தேவைன்னு தோணினா வாங்குங்க.

2. கேபிள் பேக்கைப் பாருங்க: 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த டிராய் விதிப்படி, வேணுங்கிற கட்டண சேனலை மட்டும் தனியா எடுக்கலாம். வீட்டுல யாருமே பார்க்காத சேனல் பேக்ல இருந்தா, உங்க கேபிள் ஆபரேட்டர்கிட்ட சொல்லி மாத்துங்க.

3. ஓடிடி ஆட்டோ டெபிட்: ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே உங்களுக்குத் தகவல் வரணும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிங்க. போன மாசம் திறக்கவே இல்லாத ஆப்னா அன்னைக்கே நிறுத்துங்க.

இந்த மூணுலயும் சேர்த்து மாசம் 500 ரூபாய் மிஞ்சினா, சம்பளம் வர்ற அன்னைக்கே ஆர்டியில போடுங்க. 7% வட்டி கிடைச்சா, 10 வருஷத்துல போட்டது 60,000. கையில வர்றது சுமார் 86,000.

அதுக்காக வீட்டுல சீரியலை நிறுத்திடாதீங்க. அம்மாவுக்கு அது நாள் முழுக்க உழைச்சதுக்கு அப்புறம் கிடைக்கிற ஒரு மணி நேரம். கதையைப் பாருங்க, விளம்பரம் வந்தா எழுந்து தண்ணி குடிச்சுட்டு வாங்க.

உங்க வீட்டுல மாசம் கேபிளும் ஓடிடியும் சேர்ந்து எவ்வளவு ஆகுது? கூட்டிப் பார்த்து கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்!